கிராமரில் மார்க் வருகிறது, பேசேஜ் மட்டும் ஏன் புரியவில்லை?

மண்டபத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். தங்கச்சி ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகிறாள், தமிழ் வழி. "டீச்சர், கிராமர் பயிற்சி கொடுத்தால் டென்ஸ், வாய்ஸ் எல்லாம் சரியாகப் போடுகிறாள். பத்து வரி பேசேஜ் கொடுத்தால் விழிக்கிறாள். மீன்பிடித் தடைக்காலம் முழுக்க நான் வீட்டில்தான் இருப்பேன். எந்த கிராமர் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் தங்கச்சிக்கு இலக்கணம் போதாமல் இல்லை. படித்த இலக்கணத்தை வாசிக்கும்போது எடுத்துப் பயன்படுத்த யாரும் அவளுக்குக் காட்டவில்லை. அதற்கு முதலில் ஒரே ஒரு பழக்கம் வேண்டும்: எந்த ஆங்கில வாக்கியத்தைப் பார்த்தாலும் அதன் வினைமுற்று, அதாவது சொல்ல வந்ததை முடித்துவைக்கிற வினை, எங்கே இருக்கிறது என்று தேடுவது. உங்களுக்கு இங்கிலீஷ் வராது என்பது இதற்குத் தடையே இல்லை. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன். வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன், நீங்கள் வாசித்துக் காட்ட வசதியாக இருக்கும். அவள் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

முதலில், மார்க் எப்படி வருகிறது என்று பாருங்கள். பயிற்சித் தாளில் கோடிட்ட இடம் இருக்கும், அடைப்புக்குள் ஒரு வினை இருக்கும், ஓரத்தில் 'யெஸ்டர்டே' என்று ஒரு சொல் இருக்கும். 'யெஸ்டர்டே'யைக் கண்டதும் கை தானாக இறந்தகாலத்தை எழுதிவிடும். 'சின்ஸ்' என்று இருந்தால் 'ஹேஸ் பீன்'. வாக்கியத்தில் யார், எங்கே, என்ன செய்தார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வாய்ஸ் மாற்றுவது இன்னும் மோசம். பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவா, நடுவில் 'வாஸ்' போடு, கடைசியில் 'பை' போடு, முடிந்தது. கணக்கில் பக்கம் மாற்றினால் குறி மாறும் என்கிற மாதிரி ஒரு வித்தை. பேசேஜில் கோடிட்ட இடமும் கிடையாது, அடைப்புக்குறியும் கிடையாது. வித்தை அங்கே செல்லாது.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது, நானே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் அட்டவணையைச் சுவரில் ஒட்டி, வகுப்பே தாளம் தட்டி ஒப்பிக்கும்படி வைத்திருந்தேன். அதில் ஒரு பையன் சூரன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பன்னிரண்டையும் சொல்வான். ஒருநாள் போர்டில் இப்படி ஒரு வாக்கியம் எழுதி, என்ன நடந்தது சொல் என்றேன்: 'தி நெட்ஸ் லெஃப்ட் ஆன் தி ஷோர் வேர் டோர்ன்.' அவன் யோசிக்கவே இல்லை. "வலையெல்லாம் கரையை விட்டுப் போயிருச்சு டீச்சர்" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலைக்குக் கால் முளைத்ததற்குக் காரணம் நான் ஒட்டிய அட்டவணைதான். 'லீவ், லெஃப்ட், லெஃப்ட்' என்று அவனுக்குத் தெரியும். இந்த 'லெஃப்ட்' வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று தெரியாது. அந்த வாக்கியத்துக்குப் பிறகு வருகிறேன்.

தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்கும். 'அப்பா நேற்று ராத்திரி பாம்பனிலிருந்து நண்டு வாங்கிக்கொண்டு வந்தார்.' வந்தார் என்று காதில் விழுந்ததும் வாக்கியம் முடிந்துவிட்டது என்று நமக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கடைசிச் சொல்லுக்குக் காத்திருந்தே பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்தே வினை வந்துவிடும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக வரும். நம் பிள்ளை கடைசிச் சொல்லில் விஷயம் இருக்கும் என்று நம்பி வாசிக்கிறாள். அங்கே 'பாம்பன்' என்றோ 'நைட்' என்றோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் முக்கியமானது கடந்து போய்விட்டது. சொற்களின் அர்த்தம் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் போவது இதனால்தான்.

இதைப் பழகுவதற்கு நம் கரையில் கிடைக்கிற நல்ல பாடம் எது தெரியுமா? வானிலை அறிக்கை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை மீனவர்களுக்கான எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் தருகிறது, சென்னை மையம் தமிழிலும் தருகிறது. நடை ஏறக்குறைய மாறவே மாறாது. அதனால் பத்து நாள் வாசித்தால் பதினோராம் நாள் தானாகப் புரியும். தமிழில் எப்படி வரும் என்று உங்களுக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும்: 'மன்னார் வளைகுடா மற்றும் அதனை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 60 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்.'

இதையே ஆங்கிலத்தில் இப்படிப் போடுவார்கள்: 'ஸ்குவாலி வெதர் வித் விண்ட் ஸ்பீட் ரீச்சிங் 40 டு 50 கேஎம்பிஎச் கஸ்டிங் டு 60 கேஎம்பிஎச் இஸ் லைக்லி டு ப்ரிவெயில் ஓவர் கல்ஃப் ஆஃப் மன்னார் அண்ட் அட்ஜாய்னிங் காமரின் ஏரியா. ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்ட் நாட் டு வென்ச்சர் இன்டு தீஸ் ஏரியாஸ்.'

முதல் வாக்கியத்தைத் தங்கச்சியிடம் கொடுத்து வினைமுற்றைப் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் 'ரீச்சிங்'கைப் பிடிப்பாள். 'இங்' என்று முடிந்தால் நிகழ்காலத் தொடர்வினை என்று பதிந்திருக்கிறது அல்லவா? அதுதான் இல்லை. 'இங்' தனியாக நின்றால் அது முற்று ஆகாது. அதற்கு முன்னால் 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்' மாதிரி ஒன்று சேர்ந்து நின்றால்தான் முற்று. தனி 'இங்' நம் எச்சத்துக்கு, அதாவது முடியாமல் நிற்கிற வினைக்குப் பக்கமானது. 'ரீச்சிங்' என்றால் எட்டுகிற, 'கஸ்டிங்' என்றால் இடையிடையே வேகமெடுக்கிற, 'அட்ஜாய்னிங்' என்றால் ஒட்டிய. பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் தமிழ்ப் பாடத்தில் ஏற்கெனவே படித்திருக்கிறாள். அந்த அறிவை இங்கிலீஷ் பாடவேளை வந்ததும் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கச் சொல்லிவிடுகிறோம். என்னைக் கேட்டால், தமிழ் இலக்கணம் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு ஆங்கில வாசிப்புக்குப் பாதி வழி ஏற்கெனவே போட்டாயிற்று.

சரி, முற்று எது? 'இஸ்'. 'இஸ் லைக்லி டு ப்ரிவெயில்', அதாவது நிலவக்கூடும். எது நிலவக்கூடும் என்று இடப்பக்கம் தேடிப் போனால் 'ஸ்குவாலி வெதர்'. இரண்டுக்கும் நடுவில் பத்துக்கு மேற்பட்ட சொற்கள் கிடக்கின்றன. அவை காற்றின் வேகத்தைச் சொல்ல வந்தவை. அவற்றைத் தற்காலிகமாக விரலால் மூடினால் 'ஸ்குவாலி வெதர் இஸ் லைக்லி' என்று எலும்பு மட்டும் நிற்கும். முதலில் எலும்பு, அப்புறம் சதை. இதைச் செய்யத் தெரிந்துவிட்டால் பத்தாம் வகுப்புப் பேசேஜில் எவ்வளவு நீளமான வாக்கியம் வந்தாலும் பிள்ளை மிரளாது.

அடுத்தது 'ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்ட்'. இதுதான் அவள் வித்தையாகப் படித்த செயப்பாட்டுவினை. தமிழ் அறிக்கையில் 'அறிவுறுத்தப்படுகிறார்கள்' என்று 'படு' வந்திருப்பதைக் காட்டுங்கள். யார் அறிவுறுத்துகிறார் என்று இரண்டிலும் இல்லை. 'பை' என்று ஒன்று வரவும் இல்லை. ஏன்? சொல்கிறவர் யார் என்பது இங்கே முக்கியம் இல்லை, கேட்க வேண்டியவர் யார் என்பதுதான் முக்கியம். நிஜ வாசிப்பில் வருகிற செயப்பாட்டுவினை பெரும்பாலும் இப்படி 'பை' இல்லாமல்தான் வரும். பயிற்சித் தாளில் மட்டும்தான் எல்லாவற்றுக்கும் வால் மாதிரி 'பை' தொங்கும். 'எ சாங் இஸ் சங் பை ஹெர்' என்று எந்த ஊரிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது அந்தப் பையனின் வலைக்கு வருவோம். 'தி நெட்ஸ் லெஃப்ட் ஆன் தி ஷோர் வேர் டோர்ன்.' முற்றுப் போலத் தெரிவது இரண்டு: 'லெஃப்ட்', 'வேர் டோர்ன்'. நடுவில் 'அண்ட்' இல்லை, 'ஹூ', 'விச்', 'தட்' எதுவும் இல்லை. அப்படியானால் முற்று ஒன்றுதான் இருக்க முடியும். 'வேர்' என்பது முற்றைத் தவிர வேறெதாகவும் இருக்க வழியில்லை. ஆகவே 'லெஃப்ட்' எச்சம். கரையில் போட்டுவைத்த வலைகள் கிழிந்து போயின. இந்த ஒரு வாக்கியத்தை நான் கிட்டத்தட்ட முப்பது வருடம் ஒவ்வொரு வகுப்பிலும் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை வலையைக் கரையை விட்டு நடக்க வைத்துவிடும்.

இங்கே இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. தமிழில் பெயருக்கான விளக்கம் பெயருக்கு முன்னால் வரும்: 'கரையில் போட்டுவைத்த வலை', '1964-ல் தனுஷ்கோடியை அழித்த புயல்'. ஆங்கிலத்தில் பெயரை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்தைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள்: 'தி சைக்ளோன் தட் டெஸ்ட்ராய்ட் தனுஷ்கோடி இன் 1964'. இதைப் படித்து முடித்ததும் 'புயல் தனுஷ்கோடியை அழித்தது' என்று வாக்கியத்தை மூடிவிடத் தோன்றும். ஆனால் வாக்கியம் இன்னும் தொடங்கவே இல்லை. இதுவரை வந்தது 'அழித்த புயல்' என்கிற எழுவாய் மட்டும். அதற்குப் பிறகு 'ஆல்சோ டேமேஜ்ட் தி பாம்பன் பிரிட்ஜ்' என்று வரும்போதுதான் முற்று வருகிறது. அந்த டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலமும் சேதமடைந்த கதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கதை தெரிந்த பிள்ளைக்கு வாக்கியம் எங்கே போகிறது என்று முன்கூட்டியே ஊகிக்க முடியும். அந்த ஊகம் வாசிப்பில் பெரிய துணை.

'ஹூ', 'விச்', 'தட்' வந்தால் என் பிள்ளைகளிடம் ஒரு வேலை சொல்வேன். அந்தச் சொல்லிலிருந்து, அதற்குப் பின் வருகிற இரண்டாவது முற்றுக்கு முன்னால் வரை அடைப்புக்குறி போடு, அதை அப்படியே தூக்கித் தமிழில் பெயருக்கு முன்னால் வை. 'தி விமன் ஹூ கலெக்ட் சீவீட் கோ அவுட் அட் லோ டைட்.' அடைப்புக்குள் 'ஹூ கலெக்ட் சீவீட்'. தூக்கி வைத்தால் 'கடல்பாசி எடுக்கிற பெண்கள்'. மிச்சம், 'வற்று நேரத்தில் போகிறார்கள்'. முதல் ஒரு வாரம் தடுமாறுவாள். அதற்கப்புறம் பென்சில் தேவைப்படாது.

டென்ஸில் ஒரே ஒரு இடத்தைத்தான் தனியாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். 'ஹேஸ் கம்', 'ஹேவ் சீன்' வகை. நம் 'வந்திருக்கிறார்', 'பார்த்திருக்கிறேன்' என்பதோடு நன்றாகப் பொருந்தும். ஆனால் தமிழில் 'நேற்று வந்திருக்கிறார்' என்று சொல்ல முடியும், ஆங்கிலத்தில் முடியாது. முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேஸ்' போய்விட வேண்டும். 'தி ஓல்ட் பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்ட் இன் 1914.' வருடம் வந்துவிட்டது, அதனால் 'வாஸ்'. புதுப் பாம்பன் பாலத்தைப் பற்றி 'ட்ரெயின்ஸ் ஹேவ் யூஸ்ட் தி நியூ பிரிட்ஜ் சின்ஸ் ஏப்ரல் 2025' என்றால் அன்றிலிருந்து இன்றுவரை நீள்கிறது, அதனால் 'ஹேவ்'. வாசிக்கும்போது 'ஹேஸ்', 'ஹேவ்' கண்ணில் பட்டால் இது இன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிற செய்தி என்று எடுத்துக்கொண்டால் போதும். மற்ற பத்து கட்டமும் வாசிக்க வாசிக்கத் தானாக விளங்கும்.

'எ', 'ஆன்', 'தி' பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். வாசிப்பைப் பொறுத்தவரை 'எ' என்றால் புதிதாக ஒன்று கதைக்குள் வருகிறது, 'தி' என்றால் நமக்கு முன்பே தெரிந்தது. நம் கதைகளில் 'ஒரு ஊரில் ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு' என்று சொல்வதில் 'ஒரு', 'அந்த' இரண்டும் செய்கிற வேலைதான். உருபுகளும் அப்படியே. 'அலாங் தி கோஸ்ட்' என்றால் கரையை ஒட்டி, 'ஆஃப் தி கோஸ்ட்' என்றால் கரையிலிருந்து கொஞ்சம் விலகிக் கடலுக்குள். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்கள்தான் தங்கச்சிக்கு விளக்க வேண்டும்.

ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் வருவதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'லேண்ட்' என்றால் நிலம் என்று ஐந்தாவதில் படித்திருப்பாள். 'தி போட்ஸ் லேண்ட் தேர் ஃபிஷ் அட் டான்' என்று வந்தால் நிலத்தைத் தேடுவாள். 'போட்ஸ்' எழுவாய், அதற்கு அடுத்த இடம் வினையின் இடம், அங்கே 'லேண்ட்' நிற்கிறது. படகுகள் விடியலில் மீனை இறக்குகின்றன. ஆங்கிலத்தில் சொல்லின் வேலையை அது நிற்கிற இடம் சொல்லிவிடும். தமிழில் உருபும் விகுதியும் ஒட்டியிருப்பதால் சொல்லை எங்கே தூக்கிப் போட்டாலும் அடையாளம் தெரியும். அங்கே அந்தச் சலுகை இல்லை.

பிரதிப்பெயரிலும் நம் பிள்ளைகள் இடறுவார்கள். நமக்கு 'அவர்' போதும், ஆணா பெண்ணா என்று கவலையில்லை. மரியாதைக்கு 'அப்பா சொன்னாங்க' என்போம். அதைக் கொண்டுபோய் 'மை ஃபாதர் தே டோல்ட்' என்று எழுதுவார்கள். மரியாதை நல்ல விஷயம்தான், ஆனால் ஆங்கிலம் படிக்கிறவர் உங்கள் வீட்டில் எத்தனை அப்பா என்று யோசிப்பார். பேசேஜில் 'ஹி', 'ஷி', 'இட்', 'தே' வருகிற இடமெல்லாம் அது யாரை, எதைக் குறிக்கிறது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பாதிக் கேள்விகளுக்கு விடை அந்த அம்புக்குறியிலேயே இருக்கும். பழைய எழுத்துகளில் கப்பலையும் படகையும் 'ஷி' என்று சொல்கிற வழக்கமும் உண்டு. அதைப் பார்த்து எந்தப் பெண் என்று தேட வேண்டாம்.

இனி என்ன வாசிப்பது. இதில்தான் நிறைய வீடுகளில் தப்பு நடக்கிறது. இங்கிலீஷ் வர வேண்டும் என்று நேராக ஆங்கிலச் செய்தித்தாளை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். முதல் வரியிலேயே ஆறு தெரியாத சொல். பிள்ளை அகராதியைப் புரட்டிப் புரட்டி, கால் பக்கத்தில் சோர்ந்து மூடிவைத்துவிடும். நூறு சொல்லுக்கு இரண்டு மூன்று சொல் தெரியாமல் இருந்தால் கதை ஓடும், தெரியாததையும் ஊகித்துவிடலாம். பத்து சொல் தெரியாவிட்டால் அது அவளுக்கான புத்தகம் இல்லை. அதனால் வெட்கப்படாமல் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் வருகிற துணைப்பாடக் கதைகள்தான் நமக்கு வேண்டியவை. கேள்வி பதில் எதுவும் எழுத வேண்டாம். கதையைப் படித்துவிட்டு உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும், போதும்.

பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் என்ற தளம் இருக்கிறது. அதில் சின்னச் சின்னக் கதைகள் நான்கு நிலையாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், காசு கிடையாது. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் படித்துவிட்டு, சரியாகப் புரிந்ததா என்று தமிழில் சரிபார்க்கலாம். முதலில் தமிழைப் படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆர்வம் போய்விடும். கொஞ்சம் தேறியதும் சிம்பிள் இங்கிலீஷ் விக்கிபீடியா. எளிய சொற்களில், சின்ன வாக்கியங்களில் எழுத முயல்கிற தனி விக்கிபீடியா அது.

அவளுக்குத் தெரிந்த விஷயமாகப் பார்த்து வாசிக்க வையுங்கள். லண்டன் பூங்காவைப் பற்றிய பத்தியில் முட்டுகிற பிள்ளை, நாம் ஆவுளியா என்கிற கடல்பசுவைப் பற்றிய பத்தியில் முட்டாது. 'தி டூகாங் ஃபீட்ஸ் ஆன் சீகிராஸ். இட் மஸ்ட் கம் அப் டு ப்ரீத்.' 'ஃபீட்ஸ் ஆன்' தெரியாவிட்டால்கூட, ஆவுளியாவுக்கும் கடற்புல்லுக்கும் என்ன உறவு என்று மண்டபத்துப் பிள்ளைக்குத் தெரியும். சொல்லின் அர்த்தம் அதிலேயே வந்துவிடும். அப்துல் கலாமின் தன்வரலாறு 1999-ல் ஆங்கிலத்தில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. தொடக்கப் பகுதி ராமேஸ்வரம். யுத்த காலத்தில் ஓடுகிற ரயிலிலிருந்து போடுகிற பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்துச் சிறுவயதில் சம்பாதித்ததை எழுதியிருக்கிறார். விண்வெளிப் பகுதி பத்தாவது பிள்ளைக்குக் கடினம், அதைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அந்தத் தொடக்கப் பகுதியை மட்டும், தடைக்காலத்தின் கடைசி இரண்டு வாரத்தில் கொடுத்துப் பாருங்கள்.

தெரியாத சொல் வந்தால் உடனே செல்போனை எடுக்கக்கூடாது. அடியில் கோடு போட்டுவிட்டுப் பத்தியை முடிக்க வேண்டும். முடித்தபின் திரும்பிப் பார்த்தால் பாதிச் சொற்கள் தானாக விளங்கியிருக்கும். மிச்சத்தில் இரண்டு முறைக்கு மேல் வந்த சொல்லை மட்டும் அகராதியில் பார்த்தால் போதும். ஒரு நாளைக்கு ஐந்து சொல், அதுவும் வாக்கியத்தோடு எழுதிவைக்க வேண்டும். தனிச் சொல்லாக எழுதிவைத்த நோட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அழகான கையெழுத்து, அடுத்த வாரம் ஒன்றும் நினைவிருக்காது. எழுதுகிற சாக்கில், 'கேட்டமரன்' என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்று சொல்லிவையுங்கள். அங்கே போய் இரட்டை உடல் கொண்ட படகு என்று அர்த்தம் மாறிவிட்டது, அது வேறு விஷயம். நம் வீட்டுச் சொல் ஒன்று அந்த அகராதியில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

உங்கள் வேலை என்ன என்று கேட்கிறீர்களா? தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் மூன்று கேள்வி கேட்பது. முற்று எது? அதைச் செய்தது யார், அல்லது எது? அப்புறம் என்ன, எங்கே, யாரை? இதற்கு உங்களுக்கு இங்கிலீஷ் தேவையில்லை. சொல்லப்போனால் தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்தவர்கள் பொறுமையில்லாமல் விடையைச் சொல்லிவிடுவார்கள். நீங்கள் நிஜமாகவே தெரியாமல் கேட்பீர்கள், அவள் விளக்கியே ஆக வேண்டும். 'இங்' தனியாக நிற்கிறதே, அது எப்படி முற்றாகும் என்று குறுக்குக் கேள்வி போடுங்கள். ஒரு வாரத்தில் உங்களை வாயடைக்க வைப்பாள்.

உரக்க வாசிக்கச் சொல்வதாக இருந்தால், முதலில் ஒருமுறை மனதுக்குள் வாசித்தபின் சொல்லுங்கள். எடுத்ததும் உரக்க வாசிக்கும் பிள்ளையின் கவனம் முழுக்க உச்சரிப்பில் போய்விடும், அர்த்தம் ஓடிவிடும். இரண்டாம் முறை வாசிக்கும்போது மூச்சு விடுகிற இடத்தைப் பாருங்கள். 'ஃபிஷர்மென்' என்று நிறுத்தி, 'ஆர் அட்வைஸ்ட்' என்று நிறுத்தி, 'நாட் டு வென்ச்சர்' என்று நிறுத்தி வாசித்தால் புரிந்து வாசிக்கிறாள். சொல்லுக்குச் சொல் ஒரே இடைவெளியில் தந்தி அடிக்கிற மாதிரி வந்தால் புரியவில்லை.

பரீட்சை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தாவதில் இங்கிலீஷ் முன்பு இரண்டு தாள், இப்போது 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள், 35 எடுத்தால் தேர்ச்சி. பேசேஜ் வந்தால் கேள்விகளை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போகலாம். 'வை' என்று கேட்டால் பத்தியில் 'பிகாஸ்', 'சோ', 'ஆஸ்' தேட வேண்டும். கேள்வியில் 'டிட்' இருந்தால் விடையில் வினை இறந்தகாலத்துக்கு மாற வேண்டும்: 'வாட் டிட் ஹி சீ' என்றால் 'ஹி சா'. இதில் மட்டும் வருடா வருடம் நல்ல பிள்ளைகளே மார்க் விடுவார்கள். பாடநூல் பயிற்சியையும் ஜூன் மாதம் பள்ளி திறந்தபின் விடாமல் செய்யட்டும், பள்ளிக்கூடத்து வித்தைக்கும் மார்க் உண்டுதானே.

எழுதுவதற்கு, வாரம் இரண்டு நாள் ஐந்தே வரி. வீட்டில் நடந்தது, கரையில் பார்த்தது, எதுவானாலும் சரி. அதைத் திருத்த யாரும் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒரு வாரம் ஒரே ஒரு தப்பை மட்டும் அவளே தேடட்டும். முதல் வாரம் 'ஹி', 'ஷி', 'இட்' பக்கத்து நிகழ்கால வினையில் 'எஸ்' இருக்கிறதா என்று மட்டும். அடுத்த வாரம் ஒன்றுக்கு மேற்பட்டதைச் சொல்கிற பெயர்ச்சொல்லில் 'எஸ்' இருக்கிறதா என்று. நாம் 'இரண்டு படகு' என்று சொல்லிப் பழகியவர்கள், 'டூ போட்' என்றுதான் கை எழுதும். ஆனால் 'டூ ஃபிஷ்' என்பது சரி, அதற்கு 'எஸ்' வேண்டியதில்லை. அவள் இதைக் கேட்டு உங்களிடம் சண்டைக்கு வருவாள், வரட்டும்.

விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முதல் பத்து நாள் வானிலை அறிக்கை மட்டும், அதுவும் வினைமுற்று வட்டம் மட்டும். அப்புறம் ஆறாம் வகுப்புக் கதை. 'ஹூ', 'விச்' அடைப்புக்குறி மே மாதம் தொடங்கட்டும். இடையில் திருவிழா, கல்யாணம் என்று நாலு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை, ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்கார வைத்து ஈடுகட்ட வேண்டாம்.

இந்த வாக்கியத்தை இன்று ராத்திரியே அவளிடம் கொடுங்கள்: 'தி போட்ஸ் ஆங்கர்ட் நியர் மண்டபம் வேர் டேமேஜ்ட் இன் தி ஸ்டார்ம்.' படகுகள் மண்டபம் பக்கத்தில் நங்கூரம் போட்டன என்று முதலில் சொன்னாள் என்றால், மேலே உள்ள வலைக் கதையைப் படித்துக் காட்டிவிட்டு மறுபடி கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.